நூலகப் பயிற்சி பலன் தந்ததா? ஒரே தாளில் கேட்டுவிடலாம்

நூலகத்தில் தேடக் கற்றுத்தரும் பயிற்சியால், ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை மாணவர்களுக்குக் கூடியதா என்று பார்க்க, முன்னால் ஒரு படிவம், பின்னால் ஒரு படிவம் என்று அலைய வேண்டாம். வகுப்பு முடிந்ததும் ஒரே தாளில், நூலகத்தில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ‘வகுப்புக்கு முன்பு’, ‘இப்போது’ என்று இரண்டு கட்டம் போட்டு, 1 முதல் 5 வரை மதிப்பெண் தரச் சொல்லுங்கள்.

தேடுவது என்றாலே கூகுளில் தட்டுவதுதான் என்று நினைக்கும் மாணவர், பயிற்சிக்கு முன் கேட்டால் தயங்காமல் 5 போட்டுவிடுவார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தரவுத்தளம், அவை வெளியாகும் ஆய்விதழ் எல்லாம் பார்த்த பிறகு அவரே 3 போடுவார். பாடம் நடத்தியதால் நம்பிக்கை குறைந்துபோனது போலக் கணக்கு வரும். கடைசியில் இரண்டையும் சேர்த்துக் கேட்டால், தன் பழைய நிலையையும் இன்றைய அறிவை வைத்தே எடைபோடுவார். பெயர் வாங்கி இரண்டு தாள்களைப் பொருத்திப் பார்க்கும் வேலையும் மிச்சம்.

ஆனால் கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். ‘நூலகத்தைப் பயன்படுத்தத் தெரியுமா?’ என்று கேட்டால் எல்லாரும் தெரியும் என்பார்கள். ‘புத்தக முதுகில் ஒட்டியுள்ள எண்ணைப் பார்த்து, அலமாரியில் அதன் இடத்தைக் கண்டுபிடிப்பேன்’ என்பது போல எழுதுங்கள்.

பயிற்சி முடிந்து பல மாதம் ஆகிவிட்டால் இது சரிவராது. பழைய நிலை அவ்வளவு தெளிவாக நினைவிருக்காது. ஆசிரியர் மனம் குளிரட்டும் என்று ‘இப்போது’ கட்டத்தில் கூட்டிப் போடுகிறவர்களும் உண்டு, அதனால் பெயர் கேட்காதீர்கள். அப்புறம், இது நம்பிக்கையை மட்டுமே அளக்கும். திறமை வந்ததா என்று தெரிய, ஒரு தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை ஒன்றைத் தேடி எடுக்கச் சொல்லித்தான் பார்க்க வேண்டும்.