கைடு கேப்டன் ஆகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பள்ளியில் சாரணியர் குழு தொடங்க வேண்டும் என்றதும் பெரும்பாலும் ஓர் ஆசிரியையின் பெயரைத் தலைமை ஆசிரியரே எழுதிவிடுவார். சில இடங்களில் பழைய மாணவி ஒருவர் தானாக முன்வருவதும் உண்டு. எப்படி வந்தாலும் சரி, பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் கைடு கேப்டன், அதாவது சாரணியர் குழுவை நடத்துபவர், என்பது தொண்டாகச் செய்யும் பொறுப்பு. பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள்தான் அதில் நிலைக்கிறார்கள். ஆனால் அந்த அக்கறையிலேயே பலர் எல்லாவற்றையும் தாங்களே செய்து முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரிய தவறு இதுதான்.

என்ன பாட்டு, என்ன விளையாட்டு, முகாமில் என்ன சமையல் என்று கேப்டனே தீர்மானித்து, விசில் ஊதி வரிசையில் நிறுத்தினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பிள்ளைகளுக்கு அது இன்னொரு பீரியட். இந்த இயக்கத்தைக் கேட்டு வாங்கியதே பெண்பிள்ளைகள்தான். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சாரணர்களைத் திரட்டியபோது, தாங்களும் சாரணர்கள்தான் என்று சில பெண்களும் வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டே அவருடைய தங்கை ஆக்னஸின் பொறுப்பில் கைடு இயக்கம் உருவானது. 1911இல் அது ஜபல்பூருக்கு வந்து சேர்ந்தது.

அதனால் அணி முறையைப் பெயரளவில் வைத்திருக்காதீர்கள். ஓர் அணியில் 6 முதல் 8 பேர், அவர்களுக்கு ஒரு தலைவி. வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவளையே தலைவியாக நியமிப்பது வழக்கமாகிவிட்டது. அணியே தேர்ந்தெடுக்கட்டும். வகுப்பில் வாயே திறக்காத பெண் முடிச்சுப் போடுவதிலும் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதிலும் முன்னால் நிற்பாள். அது கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தேர்ந்தெடுத்த பிறகு வருகைக் கணக்குச் சொல்ல மட்டும் அவளைக் கூப்பிடாதீர்கள். அணித்தலைவிகள் கூடும் 'கோர்ட் ஆஃப் ஹானர்' கூட்டத்தை ஒழுங்காக நடத்துங்கள். முகாமுக்கு இவ்வளவு பணம் இருக்கிறது, மளிகைப் பட்டியலை நீங்கள் போடுங்கள் என்று விட்டுவிடுங்கள். சாம்பாரில் உப்பு கூடினால் கூடட்டும். அடுப்பிலும் கத்தியிலும் உங்கள் கண் இருந்தால் போதும்.

விழா மேடையில் தட்டு ஏந்தவும் விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கவும் மட்டும் சாரணியரைக் கூப்பிடும் பழக்கத்துக்கும் தலையாட்டாதீர்கள். சீருடை போட்ட பிள்ளைகள் அலங்காரத்துக்கு அல்ல. முதலுதவி மேசை, குடிநீர் ஏற்பாடு என்று பயிற்சிக்குப் பொருந்திய வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. இதில் நெருக்கமும் கண்டிப்பும் ஒன்றாகப் போக வேண்டும். ஒரு பெண்ணை மட்டும் தனியறையில் வைத்துப் பேசுவது, இரவில் அவளுக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்புவது, ஒரே ஒரு பெரியவருடன் வெளியூர் கூட்டிப்போவது, இவை நல்ல எண்ணத்தில் செய்தாலும் தவறு. பேச வேண்டுமென்றால் மற்றவர் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்லும்மா' என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை பற்றித் தெரிய வந்தால் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு. தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின்படி குற்றம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பவர்கள் அந்தக் குழந்தையை இரண்டாம் முறை கைவிடுகிறார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

முகாம் என்றதும் பெயர் கொடுத்த பெண் கடைசி நாளில் வரவில்லை என்பாள். வீட்டில் விடவில்லை. சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைப்பதால் வரும் சிக்கல் இது. அம்மாக்களை நேரில் கூப்பிட்டு எங்கே தூங்குவார்கள், கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, எந்த ஆசிரியைகள் கூட வருகிறார்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்கத் தயங்குவதும் இவற்றைத்தான். மாதவிடாய் நேரத்தில் என்ன செய்வது என்பதையும் சுற்றிவளைக்காமல் பேசுங்கள். நாப்கின் எங்கே இருக்கிறது, பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிய வேண்டும். கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று வைத்தால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். வலியோடு இருப்பவளை ஹைக்கிங் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், அவளைக் கேட்காமல் ஒதுக்கி உட்கார வைக்கவும் வேண்டாம்.

விருது விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார் விருதுக்கான தேர்வு நெருங்கும்போது, செய்த பயிற்சிகளைப் பதிவு செய்யும் லாக் புத்தகத்தைப் பத்துப் பேர் ஒரே நோட்டைப் பார்த்து எழுதுவதைக் கண்டும் காணாமல் இருக்காதீர்கள். கட்டுப் போடத் தெரியாதவள் கையில் முதலுதவிப் பேட்ஜ் இருந்து என்ன பயன்?

பயிற்சி எடுக்காமல் குழுவை நடத்தலாம் என்று நினைப்பதும், உதவி கேப்டன் இல்லாமல் தனியாகவே இழுப்பதும் சேர்ந்தே வரும். நீங்கள் மாற்றலாகிப் போனால் குழு அன்றோடு நின்றுவிடும். இயக்கத்தின் மாவட்டச் செயலாளரிடம் பேசி, கேப்டன்களுக்கான பயிற்சிக் கோர்ஸ் எப்போது என்று கேளுங்கள். போகும்போது இன்னொருவரையும் கூட்டிப் போங்கள். அங்கே நீங்களே ஓர் அணியில் சேர்ந்து, கூடாரம் கட்டி, பாத்திரம் தேய்ப்பீர்கள். அப்புறம் முதல் கூட்டத்தை வையுங்கள்.