பதிவேட்டில் இருக்கிறது, அலமாரியில் இல்லை: அருங்காட்சியக ஸ்டோர் ரூமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இருவர், ஒரு டிரே நிறையப் பானையோடுகளை அடுத்த அலமாரிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். “எழுதிட்டீங்களா?” என்றேன். “சாயங்காலம் மொத்தமா எழுதிடலாம் சார்” என்றார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சொன்ன அதே பதில். கையுறை, இரண்டு கையால் பிடிப்பது எல்லாம் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

நகர்த்திவிட்டு எழுதாமல் விடுவது

அப்போது நான் இருந்த இடத்தில் வெள்ளையடிக்க ஸ்டோர் ரூமைக் காலி செய்யச் சொன்னார்கள். எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினோம். எது எங்கே என்று எனக்கு மனப்பாடம், அதனால் எழுதவில்லை. திரும்ப இறக்கும்போது காலி இருந்த பக்கமெல்லாம் வைத்தோம்.

ஆறு மாதம் கழித்து ஓர் ஆய்வு மாணவி சுடுமண் பொம்மைத் தலைகளைப் பார்க்க வந்தார். பதிவேட்டில் ‘அலமாரி 3, தட்டு 2’ என்று இருந்தது. அந்தத் தட்டில் இரும்புக் கத்திகள்தான் இருந்தன. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார். பதினோராவது நாள், ஒரு அம்மிக்கல்லுக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டியில் தலைகள் கிடைத்தன. பதிவேட்டு எண் எழுதிய சீட்டுகளை இராமபாணப் பூச்சி அரித்து, ஓரம் மட்டும் மிஞ்சியிருந்தது. பழைய போட்டோக்களை வைத்து மற்றவற்றைப் பிரித்துவிட்டோம். இரண்டு தலைகளுக்குப் போட்டோ இல்லை. ஒன்று ஆற்றங்கரை மேட்டில் கிடைத்தது, இன்னொன்று வேறு ஊரில். எது எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. அந்தப் பெட்டியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

ரோமில் இருக்கும் ஐக்ரோம் என்ற பண்பாட்டுப் பொருள் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பு, ஸ்டோர் ரூமைச் சீரமைக்க ‘ரீ-ஆர்க்’ என்று ஒரு முறை வகுத்திருக்கிறது. எந்தப் பொருளும் 3 நிமிடத்துக்குள் கிடைக்க வேண்டும், அதை எடுக்க வேறு 2 பொருளுக்கு மேல் நகர்த்தும்படி இருக்கக் கூடாது என்கிறது. உங்கள் பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்களைத் தொட்டு, தேடிப் பாருங்கள்.

எடுத்த இடத்தில் உடனே ஒரு சீட்டு வையுங்கள்: எண், தேதி, யார் எடுத்தது, எங்கே போகிறது. பென்சிலால் எழுதுங்கள், ஈரம் பட்டாலும் அழியாது. அப்புறம், எண் பொருளின் மேலேயே இருக்க வேண்டும். கல், சுடுமண் என்றால் கண்ணில் படாத ஓரத்தில் பாராலாய்ட் பி-72 என்ற நிறமில்லாத பிசின் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மையால் எண், மேலே இன்னொரு பூச்சு. வேண்டும்போது அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம். துணி என்றால் பருத்தி நாடாவில் எண் எழுதித் தளர்வாகத் தைத்துவிடுங்கள்.

ஈயக் காசை மர இழுப்பறையில் போடுவது

சாதவாகனர் ஈயக் காசுகள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மரமும் பிளைவுட்டும் அமில ஆவி விடும். மூடிய இழுப்பறையில் அது தங்கி, காசின் மேல் வெள்ளை மாவு பூக்கும். மாவு உதிர்ந்தால் எழுத்தும் கூடவே போகும். இரும்பு பீரோவுக்கு மாற்றுங்கள்.

ரப்பர் பேண்ட்

வேண்டாம். இளகி ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள கந்தகம் செம்பிலும் வெள்ளியிலும் கறுப்புக் கோடு போடும்.

வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள்

களிம்பு என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே குளோரைடு உப்பு உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே தனியாக எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிட்டு, பாதுகாப்பு வேதியியலாளரைக் கூப்பிடுங்கள்.

தரை

தரையில் எதுவும் வைக்காதீர்கள், ஒரு நாளுக்குக்கூட.