இரும்புச்சத்துக் குறைபாடா, தலசீமியா மைனரா? சிபிசி தாளைப் படிக்கும் முறை

என் தங்கைக்கு ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. இரும்பு மாத்திரை தொடங்கி மூன்று மாதங்கள் கழிந்த பிறகும் அது 10.8-ஐத் தாண்டவில்லை. அதன் காரணத்தைத் தேடியபோது கற்றதையே இங்கே எழுதுகிறேன். நோயை நீங்களே முடிவு செய்வதற்காக அன்று. மருத்துவரிடம் எந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்கலாம் என்று அறிவதற்காக.

படி 1: சிபிசி (முழு இரத்த அணுப் பரிசோதனை) தாளில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்), சிவப்பணு எண்ணிக்கை ஆகிய இரு வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எம்சிவி 80-க்குக் கீழே இறங்குவது இரும்புக் குறைபாடு, தலசீமியா மைனர் (ஹீமோகுளோபின் உருவாவதைக் குறைக்கும் பரம்பரைக் குறையின் மிதமான வடிவம்) ஆகிய இரண்டு நிலைகளிலும் உண்டு. ஆனால் இரும்பு பற்றாதபோது சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் பொதுவாகக் குறைகிறது. தலசீமியா மைனரிலோ எலும்பு மஜ்ஜை சிறிய அணுக்களை ஏராளமாக உருவாக்குவதால், எண்ணிக்கை பெரும்பாலும் 5 மில்லியனைத் தாண்டி நிற்கிறது.

படி 2: எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். 1973-இல் மென்ட்சர் முன்வைத்த கணக்கு இது. விடை 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைபாட்டின் பக்கமும், கீழே என்றால் தலசீமியாவின் பக்கமும் சாய்கிறது. இதைவிடச் சிக்கலான சூத்திரங்கள் பல உண்டெனினும், மனக்கணக்காகவே போடலாம் என்பதால் நான் இதையே விரும்புகிறேன். தங்கைக்கு 63-ஐ 5.1-ஆல் வகுத்தபோது 12.4 வந்தது. எல்லைக்கு இவ்வளவு அருகில் வரும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆர்டிடபிள்யூ (சிவப்பணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் அளவு) இரும்புக் குறைபாட்டில் உயர்ந்தும் தலசீமியா மைனரில் இயல்பாகவும் இருக்கும் என்பார்கள். விதிவிலக்குகள் மிகுதி என்பதால் அதைத் துணைச்சான்றாக மட்டுமே கொள்கிறேன்.

படி 3: ஃபெரிட்டின், அதாவது உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். சீரம் இரும்பு (இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு) ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவதால், ஒன்றுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால் நான் ஃபெரிட்டினையே தேர்ந்தெடுப்பேன். 15-க்குக் கீழே இருந்தால் உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது இந்த அளவு பொய்யாக உயரும். ஆகவே உடல் தேறிய பிறகு இரத்தம் கொடுங்கள்.

படி 4: எச்பிஎல்சி முறையில் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஆய்வக முறை) எச்பிஏ2, அதாவது இரத்தத்தில் சிறிதளவே உள்ள ஒரு ஹீமோகுளோபின் வகை. நான் சறுக்கியது இங்கேதான். இது 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் பீட்டா தலசீமியா மைனர் எனக் கொள்வது வழக்கம். தங்கைக்கு ஃபெரிட்டின் 6 ஆக இருந்த அதே நாளில் இதையும் எடுத்தோம், 3.3 என்று வந்ததும், தலசீமியா இல்லை என்று நானே கோப்பை மூடிவிட்டேன். இரும்புக் குறைபாடு எச்பிஏ2 அளவைத் தாழ்த்திக் காட்டக்கூடும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. மூன்று மாத மாத்திரைக்குப் பின் ஃபெரிட்டின் 48-ஐ எட்டியபோதும் எம்சிவி 64-லேயே நின்றதால் மீண்டும் எடுத்தோம்; இம்முறை 4.2. அவளுக்கு இரண்டுமே இருந்திருக்கின்றன. ஆகவே ஃபெரிட்டின் குறைவாக இருக்கையில் எச்பிஏ2 இயல்பாக வந்தால், இரும்பை நிரப்பிய பிறகு மறுபடியும் பார்ப்பது அவசியம். கர்ப்பிணிகள் மட்டும் அவ்வாறு காத்திராமல் உடனே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

பிற்சேர்க்கை 1: படி 2-இன் கணக்கைப் போட்டால் 1.3 வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய தாளில் எண்ணிக்கை 51 லட்சம் என்று இருந்தது. அதை 5.1 மில்லியன் என்று மாற்றிய பிறகே வகுக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: ஃபெரிட்டின், எச்பிஏ2 இரண்டும் இயல்பாக இருந்தும் எம்சிவி குறைவாகவே நீடித்தால், தலசீமியாவின் இன்னொரு வகையான ஆல்ஃபா தலசீமியா மைனராக இருக்கலாம், அதை உறுதிசெய்ய மரபணுப் பரிசோதனை தேவைப்படும். பீட்டா மைனர் உறுதியானவர்கள் தம் வாழ்க்கைத் துணைக்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இருவருக்கும் அது இருந்தால், ஒவ்வொரு கருவிலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தங்கையின் கணவருக்கு எடுத்த எச்பிஏ2, எம்சிவி இரண்டும் இயல்பாகவே வந்தன.