கணினி உதவித் தொழிலுக்குக் கற்கைநெறியைத் தெரிவுசெய்தல்: வன்னிப் பிள்ளைகளுக்கான செய்முறை விளக்கம்

கணினி திருத்துதல், அலுவலக வலையமைப்பைப் பராமரித்தல், பயனாளர்களின் அன்றாடச் சிக்கல்களைத் தீர்த்தல் ஆகிய வேலைகளுக்குப் போக விரும்பும், சாதாரண தரமோ உயர்தரமோ முடித்த பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் தங்கைக்காக வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் விசாரித்து, அவளை ஒரு கற்கைநெறியில் சேர்த்து, அவள் அதை முடிக்கும்வரை கூடவே இருந்ததில் கிடைத்த ஒழுங்கு இது. விண்ணப்பம் நிரப்புவது, வங்கிக் கணக்குத் திறப்பது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: வேலையைத் தீர்மானியுங்கள்

மேசையில் பொருளைக் கழற்றித் திருத்துவதா, பிரதேச செயலகம், வைத்தியசாலை, வங்கி போன்ற இடங்களில் பயனாளருக்கு உதவுவதா, வலையமைப்புப் பொருத்துவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வன்னியில் ஒரே ஆள் மூன்றையும் செய்யவேண்டி வருவதால், வலையமைப்பைத் தொடாத வன்பொருள் கற்கைநெறியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

படி 2: மட்டத்தைப் பாருங்கள்

என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 டிப்ளோமா, 6 உயர் தேசிய டிப்ளோமா, 7 பட்டம். தொழிலில் நுழைய விரும்புபவர் மட்டம் 4ஐக் குறிவைக்க வேண்டும். அங்கிருந்து 5, 6 என்று ஏறி, இரத்மலானையிலுள்ள யூனிவொடெக் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை போகலாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம், வவுனியாத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் ஆகியவற்றில் முதலில் விசாரியுங்கள். 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது. ஆனால் அது உயர்தரப் பெறுபேற்றின் வழியாகச் செல்லும் வேறு பாதை.

படி 3: நிறுவனத்தின் பதிவு வேறு, கற்கைநெறியின் அங்கீகாரம் வேறு

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். தொழிற்பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்துகொள்கின்றன. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இதற்கு அடிப்படை. இந்தப் பதிவு நிறுவனத்துக்கானது. அதே ஆணைக்குழு ஒவ்வொரு கற்கைநெறியையும் தனியாகப் பரிசீலித்து அங்கீகாரம் வழங்குகிறது, அந்த அங்கீகாரம் உள்ள கற்கைநெறிதான் உங்களை என்.வி.கியூ. மதிப்பீட்டுக்குக் கொண்டுபோகும். ஆகவே பதிவுச் சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் தொங்கினாலும், நீங்கள் சேரப்போகும் கற்கைநெறி நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழோடு முடிந்துபோகலாம். நாங்கள் விசாரித்த ஓரிடத்தில் "நாங்கள் பதிவு செய்த நிறுவனம்" என்ற பதிலையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கற்கைநெறியின் பெயரையும் மட்டத்தையும் காட்டும் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டபோது பேச்சு மாறியது.

எனவே மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இந்தக் கற்கைநெறி எந்த மட்டத்துக்கு அங்கீகரிக்கப்பட்டுள்ளது? அந்த அங்கீகாரம் எந்தத் திகதிவரை செல்லுபடியாகும்? இறுதியில் சான்றிதழை வழங்குவது யார்? பதில்களை ஆணைக்குழுவின் இணையத்தளத்திலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் கட்டுங்கள். கட்டணத்தைக் கேட்கும்போது மதிப்பீட்டுச் செலவும் அதற்குள் அடங்குமா என்று சேர்த்துக் கேளுங்கள்.

படி 4: ஆய்வுகூடத்துக்குள் போய்ப் பாருங்கள்

விளம்பரத் தாளை நம்பாமல், வகுப்பு நடக்கும் நேரத்தில் அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். மாணவர் கையில் திருப்புளியும் மல்டிமீற்றரும் இருக்கின்றனவா, அல்லது ஆசிரியர் ஒருவரே கழற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறாரா என்பதில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். மாரி இடிமின்னலும் கோடைத் தூசியும் இங்கே கணினிகளைப் பாடுபடுத்துபவை. பவர் சப்ளையை அளந்து பார்க்கவும், எர்த் இல்லாத மின்னிணைப்பைக் கண்டுபிடிக்கவும் பழக்காத பயிற்சி எங்கள் ஊர் வேலைக்குப் போதாது. எந்த விண்டோஸில் கற்பிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்ற, பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத பாதுகாப்புச் சிப் தேவை, பழைய கணினி நிறைந்த பாடசாலைக்கும் கடைக்கும் என்ன ஆலோசனை சொல்வது என்பதை விளக்கக்கூடிய ஆசிரியரிடம் படிப்பது நல்லது. கோப்புகளைப் பிரதி எடுக்காமல் ஃபோர்மட் செய்யச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் தயவுசெய்து சேராதீர்கள். ஒரு குடும்பத்தின் படங்களோ ஓர் அலுவலகத்தின் கணக்கோ அப்படித்தான் அழிந்துபோகிறது.

படி 5: தொழிலிடப் பயிற்சி எங்கே

பயிற்சி இடத்தை நிறுவனம் ஒழுங்குசெய்கிறதா, நீங்களே தேட வேண்டுமா என்று எழுத்தில் பெறுங்கள். மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ இருந்து வரும் பிள்ளைக்கு பஸ் நேரமும் தங்குமிடமும் கற்கைநெறியின் தரத்துக்குச் சமமான விடயங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதைச் சேர முன்பே பேசி முடிக்க வேண்டும்.

படிக்கும் காலத்தில் வீட்டில் பழக, வலையமைப்பைத் திரையிலேயே அமைத்துப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பக்கெட் ட்ரேசரையும், ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை மென்பொருளாக இயக்க உதவும் வேர்ச்சுவல் பொக்ஸையும் பயன்படுத்துங்கள். இரண்டும் இலவசம், கட்டண மென்பொருள் எதுவும் ஆரம்பத்தில் தேவையில்லை. கணினி உதவித் தொழிலுக்கான சர்வதேசச் சான்றிதழான கொம்ப்டியா ஏ பிளஸுக்கு இரண்டு பரீட்சைகள், கட்டணம் டொலரில், செல்லுபடிக் காலம் 3 வருடங்கள். வேலையில் சேர்ந்த பின் அதை எடுக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். மட்டம் 4க்குப் பதிலாக எடுக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை

இதை வாசித்த ஒருவர், தான் பல வருடங்களாகக் கணினிக் கடையில் வேலை செய்வதாகவும், மறுபடி முழுக் கற்கைநெறியையும் படிக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று என்.வி.கியூ.விலேயே இருக்கிறது, கற்கைநெறியைப் பின்பற்றாமலே உங்கள் திறன்களை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது கடை உரிமையாளரின் சேவைக் கடிதத்தையும், நீங்கள் செய்த வேலைகளின் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுபோங்கள்.