பிசினஸ் விசாவுக்கு அழைப்புக் கடிதம் வாங்குவது எப்படி?

அழைப்புக் கடிதத்தை நீங்கள் போய்ச் சந்திக்கப்போகும் நிறுவனம்தான் தர வேண்டும், ஆனால் ‘ஒரு கடிதம் அனுப்புங்கள்’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் பாதி விவரம் இல்லாமல்தான் வரும். அதனால் வரைவை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள், அவர்கள் லெட்டர்ஹெட்டில் அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.

பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, உங்கள் பதவி, போய்வரும் தேதிகள் எல்லாம் இருக்கட்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல்தான், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். நோக்கத்தை ‘வியாபார விஷயமாக’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘பேக்கிங் இயந்திரத்தைப் பார்வையிட்டு, விலை பேசி, ஒப்பந்தம் போட’ என்பதுபோல் எழுதினால்தான் விசா அதிகாரிக்குப் புரியும். செலவு யாருடையது என்பதில் கடிதமும் விண்ணப்பமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, தொலைபேசி எண் கட்டாயம் வேண்டும். தூதரகத்திலிருந்து கூப்பிட்டு விசாரிக்கக்கூடும் என்று அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அப்புறம், ஸ்கேன் பிரதி போதுமா, அசல் வேண்டுமா என்பதைத் தூதரக இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) என்றால் பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும், கடிதத்தை அதற்கும் முன்னாலேயே கேட்டு வாங்குங்கள்.