ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்று வந்தால் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

நம் செல்லின் கருவையே பிடிக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஏ.என்.ஏ. பரிசோதனை. ரிப்போர்ட் கையில் வந்ததும் எல்லோரும் தேடுவது 'பாசிட்டிவ்' என்ற சொல்லைத்தான். அதை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். திருச்சியில் ஒரு லேபில் இந்த ஸ்லைடுகளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. மருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லலாம்.

1:80, 1:320 என்றெல்லாம் இருக்கும். கணக்கு தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள்: "முந்நூற்று இருபதில் ஒன்று சின்னதுதானே, மேடம்?" இல்லை, பெரியது. உங்கள் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) நீர்க்கச் செய்து, மனித செல்கள் ஒட்டிய ஸ்லைடில் விடுகிறோம். செல்லின் கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி அதில் இருந்தால், மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். பிறகு இரண்டு மடங்கு, இன்னும் இரண்டு மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போவோம். கடைசியாக எந்த அளவு வரை ஒளிர்கிறதோ, அதுதான் அந்த எண். எவ்வளவு நீர்த்தாலும் ஒளிர்கிறது என்றால் ஆன்டிபாடி அவ்வளவு அதிகம்.

ஒளிர்வதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு மனிதக் கண். நான் 1:160 என்று சொல்வதை இன்னொரு லேபில் 1:320 என்று சொல்லக்கூடும், இரண்டுமே தப்பில்லை. அதனால் ஒரு படி ஏறியதற்கு அழவும் வேண்டாம், இறங்கியதற்கு இனிப்பு வாங்கவும் வேண்டாம்.

நோயே இல்லாதவர்களிலும் 1:40 அளவில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கும், 1:160 அளவில் சுமார் 5 பேருக்கும் இது பாசிட்டிவாக வரும். லூபஸை (உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் உறுப்புகளைத் தாக்கும் நோயை) வகைப்படுத்த 2019-இல் வந்த விதிகளில் 1:80 என்பது முதல் நிபந்தனை மட்டுமே. மூட்டு, தோல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் என்று மற்றவற்றிலும் அடையாளம் இருந்தால்தான் அந்தப் பெயர் வரும். காசநோய்க்குத் தரும் ஐசோநயாசிட் போன்ற சில மருந்துகளாலும் ஏ.என்.ஏ. வரலாம். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நோயோடு சேர்ந்து ஏறி இறங்கும் எண் வேறு. லூபஸ் உறுதியானவர்கள் கவனிக்க வேண்டியது டிஎன்ஏவையே பிடிக்கும் டிஎஸ்-டிஎன்ஏ ஆன்டிபாடியை. அது டிஎன்ஏவோடு கூடி சிறுநீரகத்தில் படிய, அந்தச் சண்டையில் சி3, சி4 என்ற புரதங்கள் செலவாகிவிடும். டிஎஸ்-டிஎன்ஏ ஏறி, சி3 இறங்கினால், அடுத்து சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். தள்ளிப்போடாதீர்கள். ஏ.என்.ஏ.வை மாதாமாதம் எடுப்பது வீண் செலவு. லேபில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

மற்ற நோய்களின் ஆன்டிபாடிகளும் இப்படித்தான். தைராய்டுக்கு எதிரான டிபிஓ ஆன்டிபாடி ஆயிரம் தாண்டினாலும் மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்தான். முடக்குவாதத்தில் பார்க்கும் சிசிபி என்ற ஆன்டிபாடி மிக அதிகம் என்றால் மூட்டு அரிக்கப்படும் ஆபத்து கூடுதல். ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்பதை மூட்டு வீக்கமும், உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி, இஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனைகளும் சொல்லும். சிசிபி நெகட்டிவ் என்பதால் முடக்குவாதம் இல்லை என்றும் ஆகாது.

ஒரு ஆன்டிபாடியை மட்டும், உடம்புக்கு எதுவும் இல்லாவிட்டாலும் அலட்சியம் செய்யாதீர்கள்: எஸ்எஸ்-ஏ, அதாவது ரோ. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு இது பாசிட்டிவ் என்றால் மகப்பேறு மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி வழியாக இது குழந்தைக்குப் போகும். நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் சிசுவின் இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்சைகை தடைபட்டு, துடிப்பு மெதுவாகும். நாலாம் மாதத்திலிருந்து சிசுவின் இதயத்தை ஸ்கேனில் கவனிப்பார்கள்.

ருமட்டாலஜி (மூட்டு, வாத நோய்) டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளை தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். காலையில் கைவிரல் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது, வெயில் பட்டால் முகம் சிவக்கிறதா, வாய்ப்புண் வருகிறதா, குளிர்ந்த தண்ணீரில் விரல் வெளுக்கிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிப் போங்கள். அந்தத் தாள் இல்லாமல் என் ரிப்போர்ட் பாதிதான் பேசும்.

ஏ.என்.ஏ.வுக்கு மட்டும் ரத்தம் கொடுப்பதென்றால் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.