சபையா, செயலகமா? வன்னியில் கந்தோர் அலைச்சலைக் கூட்டும் தவறுகள்

‘பிரதேச’ என்று தொடங்கும் இரண்டு பெயர்ப்பலகைகள்தான் வன்னியில் சனத்தை அதிகம் அலைய வைப்பவை. ஒன்று பிரதேச சபை, மற்றது பிரதேச செயலகம். பெயர் ஒட்டியிருந்தாலும் இரண்டுக்கும் எசமான் வேறு. சபை, நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் இடம்: தவிசாளர், உறுப்பினர்கள், அவர்களோடு செயலாளரும் ஊழியர்களும். செயலகம், கொழும்பிலிருந்து இறங்கிவரும் நிர்வாகத்தின் ஒரு படி: மேலே கச்சேரி (மாவட்டச் செயலகம்), நடுவில் பிரதேச செயலாளர், அடியில் ஜி.எஸ். (கிராம அலுவலர்). வயதானவர்கள் இன்னும் செயலகத்தை ‘ஏ.ஜி.ஏ. கந்தோர்’ (உதவி அரசாங்க அதிபர் அலுவலகம்) என்பார்கள், ஜி.எஸ்ஸை ‘விதானையார்’ என்பார்கள். ஒருவகையில் அதுவே தெளிவு. அந்தக் காலத்தில் யாரும் சபையையும் ஏ.ஜி.ஏ. கந்தோரையும் மாறிப் பிடித்ததில்லை.

குப்பை, தெருவிளக்கு, ஊர்வீதி, வடிகால், சந்தை, நூலகம், மயானம், கட்டட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம், ஆதனவரி எல்லாம் சபையின் தலையில். காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்பு விவாகப் பதிவுகள், வியாபாரப் பெயர்ப் பதிவு, அடையாள அட்டை விண்ணப்பம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, வெள்ள நிவாரணம் செயலகத்தில். நடுவில் நின்று குழப்புவதும் உண்டு. வரட்சிக் காலத்தில் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் சபையுடையதாக இருக்கலாம். ஆனால் எந்த வீட்டுக்குத் தண்ணீர் என்ற பட்டியல் ஜி.எஸ். எழுதிச் செயலகத்துக்குக் கொடுப்பது. பவுசர் வரவில்லை என்று சாரதியோடு சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் ஜி.எஸ்ஸிடம் பாருங்கள்.

எல்லையைத் தவறாகக் கணிப்பது

செயலகப் பிரிவும் சபை எல்லையும் ஒன்றென்று நினைப்பது அடுத்த தவறு. கிளிநொச்சி மாவட்டத்தில் செயலகப் பிரிவுகள் 4, பிரதேச சபைகள் 3. பரந்தனிலோ தருமபுரத்திலோ இருப்பவருக்குச் செயலகம் கண்டாவளை. சபையோ கரைச்சி. முல்லைத்தீவு மாவட்டத்தில் செயலகப் பிரிவுகள் 6, சபைகள் 4. ஒட்டுசுட்டானுக்குத் தனிச் செயலகம் உண்டு, தனிச் சபை இல்லை. அது புதுக்குடியிருப்புப் பிரதேச சபைக்குள் வருகிறது. வவுனியாவில் பெயரே வழிதவற வைக்கும்: நகரத்துக்கு வடக்கே கிடக்கிற ஓமந்தை, ‘வவுனியா தெற்கு தமிழ்’ பிரதேச சபையில். திசை பார்த்து நெடுங்கேணிக்குப் போனால் ஒருநாள் போய்விடும். நகரமோ 2025 மே தேர்தலிலிருந்து மாநகர சபை. ‘நகரசபைத் தலைவர்’ என்று விலாசமிட்டுக் கடிதம் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கிட்டவே சபையின் உப அலுவலகம் இருக்க, தலைமை அலுவலகத்துக்குப் பஸ் ஏறுவதும் வழக்கமாகிவிட்டது. வரி கட்ட, விண்ணப்பப் படிவம் எடுக்க, தெருவிளக்கு முறையிட உப அலுவலகம் போதும். கட்டட வரைபடத்தை எங்கே ஒப்படைப்பது என்பதை மட்டும் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

வீதியிலும் இதே கதை. ஏ9 வீதியோரக் குழிக்குச் சபையைத் திட்டுவது வீண். ஏ9, மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. பி வகுப்பு வீதிகளும் அப்படியே. சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. அதற்குக் கீழே உள்ள ஊர்வீதிகள்தான் சபைக்கு. குளக்கட்டின் மேல் ஓடும் வீதி இதில் எதிலும் சேராது. பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயல் பாயும் சிறுகுளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். சபை விரும்பினாலும் தன் காசைக் குளக்கட்டில் கொட்ட முடியாது, கணக்காய்வில் மாட்டும்.

காணியும் கட்டடமும்

வன்னியில் அதிகம் காசு கரைகிற இடம் இது. இங்கே பெருமளவு குடியேற்றக் காணிகள் உறுதிக் காணிகள் (சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணிகள்) அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள், சனம் சொல்வதுபோல் ‘பெர்மிட் காணி’. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பெர்மிட் காணியைக் கைமாற்றினால் அது சட்டத்தின் முன் செல்லாது. முத்திரை ஒட்டிய தாளில் இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்கிவிட்டு, ‘காணி வாங்கியாச்சு’ என்று கல்லு மண்ணு பறிக்கிறவர் நாளைக்குக் கட்டட அனுமதிக்குப் போகும்போதுதான் விழிப்பார். செயலகத்தின் காணிப் பேரேட்டில் பெயர் விற்றவருடையதாகவே இருக்கும். விற்றவர் மனம் மாறினாலோ இறந்தாலோ, அவருடைய பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் காணி உரித்தாகிறவர்) வந்து கேட்பார்.

பின்னுரித்தாளரைப் பதியாமல் விடுவது இதன் இன்னொரு முகம். பெர்மிட்டில் அந்தப் பகுதி வெறுமையாக இருந்து, உரிமையாளர் கண்ணை மூடினால், சட்டத்தில் உள்ள ஒழுங்குப்படிதான் உரித்து இறங்கும். காணியை உழைத்துப் பார்த்த பிள்ளைக்கே அது வரும் என்று நம்பியிருக்க முடியாது. உயிரோடு இருக்கும்போது செயலகக் காணிக் கிளைக்குப் போய்ப் பெயரைப் பதிவது ஒருநாள் வேலை. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க நினைப்பவர், எவ்வளவுக்குக் குறையத் துண்டாடக் கூடாது என்ற அளவு தன் பத்திரத்தில் உண்டா என்று முதலில் வாசிக்க வேண்டும். இடப்பெயர்வில் பத்திரத்தைத் தொலைத்தவர்கள், ‘போச்சு’ என்று இருந்துவிடாமல் காணி இலக்கத்தையும் குடியேற்றத் திட்டத்தின் பெயரையும் சொல்லிப் பேரேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். உறுதிக் காணியென்றால் பிரதிக்குப் போகவேண்டியது காணிப் பதிவகத்துக்கு.

இனிக் கட்டடம். அத்திவாரம் வெட்டிவிட்டு வரைபடம் கொடுப்பது ஊரெல்லாம் நடக்கிற தவறு. அதைவிடப் பரவலானது, ‘சின்ன வேலைதானே’ என்று விடுவது. மதில் கட்ட அனுமதி வேண்டும். 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா இந்திய வீட்டுத்திட்ட வீட்டோடு ஒரு விறாந்தையோ அறையோ சேர்த்துக் கட்டவும் வேண்டும். வீதியோரக் கடைக்குத் தகரக்கூரை முன்னுக்கு இழுத்தாலும் கேள்வி வரும்.

வரைபடம் திரும்பி வருவதற்கு வழமையான காரணம் வீட்டின் அமைப்பு அல்ல, வளவின் படம். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வளவுக்கு வந்து பார்ப்பார்கள். அவர்கள் கண் முதலில் போவது மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு. படம் கீறுகிறவர் உங்கள் கிணற்றைப் போட்டிருப்பார். வேலிக்கு அங்காலே இருக்கிற அயல்வளவுக் கிணற்றைப் போட்டிருக்க மாட்டார். உங்கள் கிணற்றிலிருந்து 60 அடி தள்ளி வேலியோரம் வெட்டத் திட்டமிட்ட குழி, அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு 20 அடியில் நிற்கும். 50 அடிக்குக் குறையக் கூடாது. மணற்பாங்கான நிலமென்றால் இன்னும் தள்ளிப் போடுவது நல்லது. ஆகவே வரைபடக்காரரை வளவுக்கு வரச் சொல்லி, நான்கு வேலிக்கும் அங்காலே என்ன இருக்கிறது என்று நாடா பிடித்து அளந்து போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அளவு அனுப்பிக் கீறுவித்த படம் பெரும்பாலும் திரும்பி வரும்.

வரைபடத்தோடு போகவேண்டியவை: நில அளவைப் படத்தின் பிரதி, உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, பெர்மிட் காணியென்றால் பிரதேச செயலாளரின் சிபாரிசுக் கடிதம், ஆதனவரி உள்ள இடமென்றால் கட்டிய பற்றுச்சீட்டு. ஏ, பி வீதியோரமென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கட்டட எல்லை கேட்டு எழுத்தில் வாங்குங்கள். குளத்து ஒதுக்கீட்டிலோ வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்கு உள்ளேயோ காணி விழுந்தால் சபையால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பிணக்கைச் செயலகத்தில்தான் தீர்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் திட்டமிடல் குழு கூடும் நாள்வரை காத்திருக்க வேண்டும். அந்த நாளைக் கேட்டு, அதற்கு முன்னமே கோவையை முழுமையாக்குங்கள். ஒரு தாள் குறைந்தால் அடுத்த கூட்டம்.

வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் விடுவார்கள். வங்கியில் கடன் கேட்கும்போதோ விற்கும்போதோ அது இல்லாமல் திரும்பி வருவார்கள். அப்போது வரைபடத்துக்கும் கட்டிய வீட்டுக்கும் உள்ள ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பதில் சொல்லவேண்டி வரும்.

கடையும் வரியும்

செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் தொங்கவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது பெயர்ப் பதிவு மட்டும். கடை நடத்த அனுமதி சபை கொடுப்பது, ஆண்டுதோறும் புதுப்பிப்பது. ஒக்டோபரில் எடுத்தாலும் டிசம்பர் 31இல் அது முடிந்துவிடும். உணவுக் கடை, பேக்கரி, சலூன் என்றால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பார்த்துச் சிபாரிசு செய்தபின்தான் அனுமதி. ஜனவரியில் அவர் நிறையக் கடைகளுக்குப் போகவேண்டும் என்பதால் விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். பட்டறை, ஆலை போன்றவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் வேண்டும். மாசு குறைந்த சிறு தொழிலுக்குச் சபையே கொடுக்கும், மற்றவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை.

ஆதனவரியில் (சோலைவரி என்றும் சொல்வோம்) விடும் தவறு திகதி பார்க்காதது. முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுக்குக் கட்டுகிறவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். பெப்ரவரியில் போய்க் கழிவு கேட்டு முகப்பில் இருக்கிற பிள்ளையோடு வாதாடுவதில் அர்த்தமில்லை. வரி இடாப்பில் பெயர் இருப்பது காணி உரிமைக்குச் சான்று என்ற நம்பிக்கையும் பிழை. அது யாரிடம் வரி அறவிடுவது என்பதற்கான பெயர் மட்டுமே. காணி கைமாறியதும் உறுதிப் பிரதியைக் கொடுத்துப் பெயரை மாற்றாவிட்டால், பேரனுக்கு வரும் அறிவித்தலில் இறந்துபோன தாத்தாவின் பெயரே இருக்கும்.

கலி பவுசர், கட்டாக்காலி மாடு, தெருவிளக்கு

மலக்குழி நிரம்பியது என்று கார்த்திகை மழையில், கழிவை இழுக்கும் கலி பவுசரைக் கூப்பிடுவது காசை மண்ணில் ஊற்றுவதுதான். வன்னியில் மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். அடி கட்டாத குழியை இன்றைக்கு இழுத்தால், நாளைக்குச் சுற்றிவர உள்ள தண்ணீர் அதை நிரப்பிவிடும். ஆடி, ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றும் காலத்தில் இழுப்பித்தால் உண்மையாகவே குழி வெறுமையாகும். குழாய் எட்டாத பின்வளவில் குழி, மேலே சீமெந்து போட்டு மூடிய வாய், பாரமான வண்டி ஏறமுடியாத படலை: இந்த மூன்றாலும் வந்த பவுசர் திரும்பிப் போகும். காசு கட்டமுதல் படலையின் அகலத்தையும், வண்டி நிற்கும் இடத்திலிருந்து குழிவரை உள்ள தூரத்தையும் அளந்து சொல்லுங்கள்.

வீதியில் படுக்கும் மாட்டைச் சபை பிடித்துக் கட்டினால் தண்டமும் பராமரிப்புச் செலவும் கட்டித்தான் மீட்கலாம். நாள் போகப் போகச் செலவு ஏறும், கடைசியில் ஏலம். குறியோ காதுப்பட்டியோ இல்லாத மாட்டுக்கு உரிமை காட்டுவது கடினம்.

தெருவிளக்கு எரியாவிட்டால் சபைக்கு, மின்கம்பி அறுந்தாலோ கம்பம் சாய்ந்தாலோ மின்சார சபைக்கு (தொலைபேசி 1987). இரண்டுக்கும் கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறித்துக் கொடுங்கள். ‘கோயிலடிச் சந்திக்குக் கிட்ட’ என்றால் எந்தக் கோயில் என்று தேடுவதற்குள் வேலைக்காரர் போய்விடுவார்கள்.

பிறப்புப் பதிவு

வீடு மல்லாவியில், பிள்ளை பிறந்தது வவுனியா வைத்தியசாலையில் என்றால் பதிவு வவுனியாவில்தான். பிறந்த இடத்துக்குரிய பதிவாளரே பதிவார். ஊருக்கு வந்து பதியலாம் என்று வைத்தியசாலை தந்த துண்டை மடித்து வைத்துவிடாதீர்கள். 42 நாளுக்குள் பதியவேண்டும். 3 மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவாகி, கேட்கும் சான்றுகள் கூடும்.

வாய்ச்சொல்லை நம்புவது

உறுப்பினர் வீதியில் நின்று ‘செய்து தாறன்’ என்றால் அது கோவையில் ஏறாது. வீதியோ வடிகாலோ வேண்டுமென்றால் கடிதம் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரவுசெலவுத்திட்டம் வருட முடிவில் நிறைவேறுவதால், செப்டெம்பருக்கு முன் கொடுத்தால்தான் அதில் இடம் கிடைக்க வாய்ப்பு. பிரதேச சபைக்கென்றால் தவிசாளருக்கும் செயலாளருக்கும், வவுனியா மாநகர சபைக்கென்றால் முதல்வருக்கும் ஆணையாளருக்கும் விலாசமிடுங்கள். கோவையை நகர்த்துகிறவர்கள் செயலாளரும் ஆணையாளரும்தான். வீதியின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், நீளம், எத்தனை குடும்பம் பாவிக்கிறது என்ற 5 விபரமும் போதும். ‘பல வருடங்களாகப் புறக்கணிக்கப்பட்டு’ என்று ஒரு பக்கம் எழுதத் தேவையில்லை. இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். முத்திரை இல்லாத பிரதியை வைத்துப் பின்னர் எதையும் நிறுவ முடியாது.

பதிலே வராவிட்டால் இரண்டாம் கடிதத்தில் கோபத்தைக் காட்டாமல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். ‘ஏன் வீதி போடவில்லை’ என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல. ‘இன்ன திகதியில் கொடுத்த கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் பிரதி’, ‘இந்த வட்டாரத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய வீதி வேலைகளின் பட்டியல்’ என்று தாளில் இருப்பதைக் கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. அங்கே முதலில் கேட்பதும் அந்த முத்திரை அடித்த பிரதியைத்தான்.